கைக்கு எட்டாத சுவிட்ச்

வாருங்கள், வந்து இந்தச் சுவரைப் பாருங்கள்! சாணைக் கடையின் சுவர் இது. மோட்டார் சாணையின் சுவிட்ச் கூரைக்குச் சற்றே கீழே, உயரமான ஆண் கை நீட்டினால் மட்டும் தொடக்கூடிய இடத்தில் இருந்தது. அங்கே அதைப் பொருத்தியவர் மாமனார். அதை எட்டக் கூடாதவள் மருமகள். இந்த ஊரிலோ, மழுங்கிய கத்தி எதுவானாலும் தானாகத் திரும்பி, அந்த மருமகள் இருக்கும் திசையையே காட்டும்.

அவள் மணமாகி வந்த வாரத்தில் வீட்டுக் கத்தி திரும்பியது. பிறகு தெருவின் கத்திகள், பிறகு ஊரின் கத்திகள். அவள் கடைவீதிக்குப் போனால் தையற்காரரின் கத்தரிக்கோல் வடக்கே திரும்பும். வீடு வந்தால் தெற்கே. அவளைத் தேடும்போது கணவன் யாரையும் விசாரித்ததில்லை. ஒரு பேனாக்கத்தியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அது காட்டிய வழியில் நடந்தான். மேசை விரிப்புகள் கிழிகின்றன என்பதைத் தவிர யாருக்கும் குறையில்லை. ஊரின் இரும்பெல்லாம் தன்னை அறியும் என்ற பெருமிதம் அவள் நடையிலேயே தெரிந்தது.

கத்திகள் அவளைக் காட்டின. கடைப் பலகையோ ‘தந்தை மகன் சாணை நிலையம்’ என்றது. மோட்டார் ஆண்களுக்கு, கையால் தேய்க்கும் சாணைக்கல் அவளுக்கு என்பது வீட்டுச் சட்டம். அவர்கள் சக்கரத்தில் அழுத்திப் பிடித்த கத்திகளோ சூடேறி, விளிம்பு நீலம் பாரித்து, பதம் இழந்து, மறுவாரமே அவளை நோக்கித் திரும்பின. ஆகவே பல் உடைந்த இறைச்சிக் கத்தியைக்கூட அவள் பகலெல்லாம் கல்லிலேயே தேய்த்தாள். தோள் வீங்கியது. காலையில் தலைவாரக் கை உயரவில்லை.

"பல்லு போன கத்திக்கு மோட்டார், மெல்லிசுக்குக் கல்லு. ரெண்டையும் என்கிட்ட குடுங்க மாமா. எதுக்கு எதுன்னு நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

"உன் கையில அருள் இருக்கும்மா. மிஷினைத் தொட்டா அது போயிடும்" என்றார் மாமனார், கும்பிடாத குறையாக.

"அருள் ஊருக்கு, வலி எனக்கா? நல்லாத்தான் பங்கு பிரிக்கிறீங்க!"

"வாய்க்கு மட்டும் சாணையே தேவையில்ல" என்று முணுமுணுத்தான் கணவன்.

அவள் கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கைகட்டி அமர்ந்தாள்.

மறுநாள் காலை கத்திகள் சமையலறைகளை விட்டு இறங்கின. அவசரமின்றி, சாலையின் இடப்புறமாகவே ஊர்ந்தன. நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் அவற்றுக்காகப் பேருந்தை நிறுத்தினார். உரிமையாளர்கள் செருப்பைச் சரிபார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். நண்பகலுக்குள் கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. மாமனார் மோட்டாரைப் போட்டு, இறைச்சிக் கடைக்காரரின் கத்தியைக் கையில் எடுத்தார். அது அவர் பிடிக்குள்ளேயே சுழன்று மருமகளைக் காட்டியது. இறுக்கிப் பிடித்தார், மறுபடியும் சுழன்றது.

"பெரியவரே, கத்திக்கே புரியுது. உங்களுக்கு யாரு வந்து சொல்லணும்?" என்றார் இறைச்சிக் கடைக்காரர். வாசல் முழுவதும் சிரித்தது.

மாமனார் சிரிக்கவில்லை. மருமகளின் வீங்கிய தோளை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். "ஸ்க்ரூ டிரைவரை எடுடா" என்றார் மகனிடம். சுவிட்சைக் கழற்றி, அந்தத் தோளின் உயரத்துக்கு இறக்கிப் பொருத்தினார்.

அவள் எழுந்து சுவிட்சைப் போட்டாள். கத்தியைச் சக்கரத்தில் மெல்லத் தொடவிட்டாள், தண்ணீரில் நனைத்தாள், மீண்டும் தொடவிட்டாள். கடைக்காரரின் தேநீர் ஆறுவதற்குள் உடைந்த பற்கள் மறைந்தன. கடைசிக் கூர்மையைக் கல்லில் ஏற்றினாள். வேகம் சக்கரத்துடையது, நயம் கல்லுடையது, தீர்ப்பு அவளுடையது! அருள் எங்கும் போய்விடவில்லை. மழுங்கியபோது அதே கத்தி மறுபடியும் அவளையே காட்டியது. பலகையில் இப்போது ‘மருமகள் சாணை நிலையம்’ என்று எழுதியிருக்கிறது. வழி கேட்கும் வெளியூர்க்காரர்களிடம், பையில் கத்தி இருந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்வது இவ்வூர் வழக்கம்.

படித்து வியந்து நகர்ந்துவிடாதீர்கள்! கையைப் புகழ்ந்து கருவியை மறுக்கும் சுவர் உங்கள் வீட்டிலும் உண்டு. எழுந்து போய்ப் பாருங்கள், சுவிட்ச் எந்த உயரத்தில் இருக்கிறதென்று. அவளுக்கு எட்டவில்லையா? இன்றே இறக்குங்கள்!