மூன்றரை லட்சத்தில் ஜோதியின் பங்கு

சூசைநாதன் அந்த மூன்றரை லட்சம் வெள்ளியை அதுவரை பதினொரு தடவை செலவழித்துத் தீர்த்திருந்தார். மாதம் ஒரு லாட்டரிச் சீட்டு, சீட்டுக்கு ஒரு முதல் பரிசு. கையில் ஒரு காசுகூட வந்ததில்லை என்பது வேறு விஷயம். அதற்காகச் செலவை நிறுத்திவைக்க முடியுமா என்ன?

அவருக்கு பஸ் கண்டக்டர் வேலை. சம்பளம் வாங்கிய அன்று ஜாலான் புசாரில் இறங்கியதும், கோப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் சீனக் கிழவியிடம் ஒரு வெள்ளி கொடுத்து ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். அன்று அவர் கடைசியாகக் கிழித்த பஸ் டிக்கெட் எந்த எண்ணில் முடிந்ததோ, சீட்டும் அதே எண்ணில் முடிய வேண்டும். கிழவி திட்டிக்கொண்டே கட்டு முழுவதையும் புரட்டித் தேடித் தருவாள். சீட்டு வீட்டுக்கு வந்ததும் அந்தோணியார் சுரூபத்தின் காலடிக்குப் போகும். அவர் மனைவி பிலோமினம்மாள் அதை எடுத்து நாள்காட்டிக்குப் பின்னால் செருகுவாள்.

"சூதாட்டச் சீட்ட சாமி கால்ல வைப்பாங்களா?"

"சூதாட்டமா? ஏழை எளியவங்களுக்குப் போற காசுலா இது. தர்மம்."

"தர்மம் பண்றவரு எதுக்கு நம்பர் பாத்து வாங்குறீங்க?"

சூசைநாதன் நாள்காட்டியைத் தூக்கிப் பார்ப்பார். மறுபடியும் சீட்டை அந்தோணியாரிடம் கொண்டுபோய் வைப்பார்.

ஒரு கடைவீட்டின் மாடியில் பலகை அடித்துத் தடுத்த அறையில் அவர்கள் குடியிருந்தார்கள். அடுத்த அறையில் மங்களமும் அவள் கணவரும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்தில் நூறு வயசு என்று வாழ்த்து வரும். குலுக்கல் நாள் வரும்வரை தினமும் சாயங்காலம் செபமாலை சொல்லி முடித்ததும், தட்டு போடுவதற்குள் சூசைநாதன் கையைத் தட்டுவார். "ஏறுங்க, ஏறுங்க, உள்ள போங்க!" அதுதான் செலவு ஆரம்பமாகிறது என்பதற்கு அடையாளம்.

முதலில் வீடு. காத்தோங்கில் கடலைப் பார்த்தபடி ஆறு அறைகளோடு. பிறகு, "அடுத்து யாரு?" ஏழு வயது மரியதாஸ் இரண்டு சைக்கிள் கேட்பான். "ரெண்டு எதுக்குடா? உனக்கு என்ன நாலு காலா?" ஒன்றுதான் என்று தீர்ப்பாகும். ஐந்து வயது செசிலிக்கு யானை வேண்டும். பேரம் பேசிப் பேசி யானை ஆடாகும், ஆடு முயலாகும். அவள் அழுதுகொண்டே முயலை ஒப்புக்கொள்வாள். பிலோமினம்மாளுக்கு எட்டுப் பவுனில் சங்கிலி. அவரோடு பஸ் ஓட்டும் முகைதீனுக்குத் தங்கக் கடிகாரம். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மங்களம், "எனக்கு என்னண்ணே?" என்று குரல் கொடுப்பாள். அவளுக்கு ஒரு தையல் மெஷின்.

"இன்னும் யாரு டிக்கெட் எடுக்கல? யாரு யாரு?"

கேட்டுக்கொண்டே பார்வையை அறையைச் சுற்றி ஓடவிடுவார். ஜன்னலோரம் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் அருள்ஜோதியிடம் வந்ததும் அந்தப் பார்வை நழுவிவிடும். "சரி, ரைட், போகலாம்!" என்று முடித்துவிடுவார்.

அருள்ஜோதிக்குப் பதினாறு வயது. பிலோமினம்மாளின் மூத்த மகள், ஆனால் சூசைநாதனுக்குப் பிறந்தவள் அல்ல. முதல் கணவர் சிலுவைராஜ் காசநோயில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது. இரண்டு வருடம் தையலும் துணி துவைப்பதுமாக ஓட்டிய பிலோமினம்மாளிடம், கோயில் பங்குச் சாமியார்தான் சூசைநாதனைப் பற்றிச் சொன்னார். முப்பத்தைந்து வயதுவரை தனிக்கட்டையாக இருந்தவர். குடி கிடையாது. பூசைக்குத் தவறாமல் வருகிறவர். குழந்தையோடு வருகிற விதவையைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோது, "அந்தப் பிள்ளைக்குச் சம்மதமான்னு கேளுங்க சாமி" என்றாராம்.

அப்படிப்பட்டவர்தான் இப்படிச் செய்கிறார் என்பது பிலோமினம்மாளுக்கு முதலில் உறைக்கவே இல்லை. முதல் மாதம் மறதி என்று நினைத்தாள். மூன்றாம் மாதம் காது அதற்காகவே காத்திருந்தது. ஆறாம் மாதத்திலிருந்து, செபமாலையின் கடைசி மணிகளில் அவள் வேண்டிக்கொண்டது லாட்டரி விழவேண்டும் என்றல்ல. இன்றைக்காவது இந்த மனிதர் என் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றுதான். நெரிசலான பஸ்ஸில் ஆள்களுக்கு நடுவில் பதுங்கி நிற்கிறவனைக்கூடத் தேடிப் பிடித்து டிக்கெட் கொடுக்கிறவருக்கு, எட்டடி அறையில் ஜன்னலோரம் இருக்கிறவள் தெரியாமல் போவாளா?

பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுவதில் அவர் ஒரு நாள் பிந்தியதில்லை. மழை வந்தால் குடையோடு கான்வென்ட் வாசலில் நிற்பார். அதெல்லாம் சரி. அதெல்லாம் கடமைக்காகக்கூடச் செய்யலாம். கனவில் வரும் பணத்தை யாரும் கடமைக்காகச் செலவு செய்வதில்லை. அங்கே மனசில் இருப்பவர்களுக்குத்தான் இடம்.

பன்னிரண்டாவது சீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை குலுக்கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூசைநாதனுக்குத் தாராளம் எல்லை மீறிவிட்டது. தேக்கா சந்தை வாசலில் உட்கார்ந்திருக்கும் கண்தெரியாத பிச்சைக்காரருக்கு ஒரு வீடு எழுதிவைத்தார். "ரைட், போகலாம்!" என்று அவர் கை தட்டியபோது, அருள்ஜோதி புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். பிலோமினம்மாள் தன் தட்டுச் சோற்றை மரியதாஸின் தட்டில் தள்ளினாள்.

மறுநாள் சனிக்கிழமை. சின்னவர்கள் இருவரும் மங்களத்தோடு கடைக்குப் போயிருந்தார்கள். அருள்ஜோதி கோயிலில் பாடற்குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். சூசைநாதன் தரையில் உட்கார்ந்து டிக்கெட் பையின் தோல்வாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பிலோமினம்மாள் அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஏங்க, என் பொண்ணு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சந்தையில உக்காந்திருக்கிற பிச்சைக்காரருக்கு வீடு. முகைதீன் அண்ணனுக்கு வாட்சு. அவளுக்கு ஒரு கைக்குட்டகூடக் கிடையாதா? ஒரு வருஷமா நானும் காதக் குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். இல்லாத காசத்தானே குடுக்கச் சொல்றேன். அதக் குடுக்கக்கூட உங்களுக்கு மனசு வரலையா?"

கேட்டு முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சூசைநாதன் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். தடுப்புப் பக்கம் ஒரு தடவை காதைக் கொடுத்துப் பார்த்தார்; அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"மொத மொத சீட்டு வாங்குனப்ப," என்றார், "நான் மொதல்ல செலவு பண்ணுனதே அவளுக்குத்தான் பிலோமி. பஸ்ஸுலயே. கிழவிகிட்ட வாங்கறதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் வாயத் தொறந்து சொல்லல?"

"வேணாம்னு சொல்லிட்டா."

"யாரு? ஜோதியா? நீங்க கேக்கவே இல்லையே."

"கனவுலதான் கேட்டேன். வாட்சு வாங்கித் தந்தேன். 'பரவால்ல, எனக்கு எதுக்கு'ன்னு சொல்லிட்டா. சங்கிலி வாங்கினேன். அதையும் வாங்கி அம்மாகிட்ட குடுத்துட்டா. காலேஜுக்கு சீமைக்கு அனுப்பறேன்னு பாத்தேன். வேணாங்க, உங்களுக்குச் சிரமம்ங்கறா. எத்தன தடவ குடுத்துப் பாத்துட்டேன் தெரியுமா? மத்தவங்களுக்குக் குடுத்தா உடனே வாங்கிக்கறாங்க. இவ மட்டும் கனவுலயும் வாங்க மாட்டேங்கறா. எல்லாருக்கும் முன்னாடி கேட்டு, நெசமாவே வேணாம்னு சொல்லிட்டான்னா?"

ஒரு வளர்ந்த ஆண், சீருடை போட்டவர், முரட்டுப் பயணிகளைப் பஸ்ஸை விட்டு இறக்குகிறவர், ஒரு பெண்பிள்ளை சொல்லக்கூடிய ஒரு சொல்லுக்குப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். பிலோமினம்மாளுக்குக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு நீலப்பூப் போட்ட துணி வாங்கி வந்தாரே, அன்றைக்கு அருள்ஜோதி சொன்னதும் இதே வார்த்தைதான். எதுக்கு, பரவாயில்லை, உங்களுக்குச் சிரமம். அந்தப் பெண் இந்த வீட்டில் எட்டு வருடத்தில் ஒரு பென்சில்கூடக் கேட்டதில்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் பிலோமினம்மாளுக்கு நினைவு வந்தது.

அதோடு இன்னொன்றும் நினைவு வந்தது.

கல்யாணத்தன்று காலை, எட்டு வயதுப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே அவள் சொன்னாள். "அங்க போயி இது வேணும் அது வேணும்னு கேக்கக்கூடாது, தெரிஞ்சுதா? எது குடுத்தாலும் பரவால்லன்னு சொல்லணும். உன்னால அம்மாவ அவங்க ஒரு சொல் சொல்லிடக்கூடாது." பயத்தில் சொன்னது. வந்து சேருகிற மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் சொன்னது. ஒரு வாரத்திலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு எட்டு வருடம் நடந்திருக்கிறது.

முகம் கழுவக் கீழே போகலாம் என்று அவள் கதவைத் திறந்தாள். மாடிப்படியின் மேல்படியில் அருள்ஜோதி உட்கார்ந்திருந்தாள். மடியில் பாட்டுப் புத்தகம். எப்போது வந்தாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கண் சிவந்திருந்தது. உள்ளே பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாள்.

பிலோமினம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேக்கக்கூடாதுன்னு ஒரு நாள் சொன்னேனே, ஞாபகம் இருக்கா ஜோதி?"

அவள் தலையசைத்தாள்.

"அது அம்மா பண்ணுன தப்பு. அவரப் பத்தித் தெரியாம பேசிட்டேன். தெரிஞ்ச பிறகாவது சொல்லியிருக்கணும், சொல்லல. இனிமே அது வேண்டாம்டி."

அருள்ஜோதி அம்மாவின் தோளில் சிறிது நேரம் தலையை வைத்திருந்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் செபமாலை முடிந்தும் சூசைநாதன் கை தட்டவில்லை. மரியதாஸ்தான் அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினான். "அப்பா, நாளைக்குக் குலுக்கல்லா! வீடு வாங்குங்க!" அவர் சுரத்தில்லாமல் வீட்டை வாங்கினார். சைக்கிளை வாங்கினார். செசிலிக்குப் பேரமே இல்லாமல் யானையைக் கொடுத்துவிட்டதில் அவளே திகைத்துப்போனாள். "அடுத்து யாரு..." என்று இழுத்தார்.

"மரியதாசுக்கு எதுக்கு சைக்கிள்?"

ஜன்னலோரத்திலிருந்து வந்தது குரல். அருள்ஜோதி புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

"ரோட்டுல விழுந்து வைப்பான். எனக்கு ஒரு பியானோ வாங்குங்க."

மங்களம் தடுப்போரம் நெருங்கி வரும் சத்தம் கேட்டது. சூசைநாதன் வாயைத் திறந்தார். ஒன்றென்ன, இரண்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லப்போகிறார், சொன்னால் எல்லாம் கெட்டுவிடும், அந்தப் பெண் மறுபடியும் விருந்தாளியாகிவிடுவாள் என்று பிலோமினம்மாளுக்கு ஒரு பயம்.

சூசைநாதன் தொண்டையைச் செருமினார்.

"பியானோவா? அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"ஆறு ரூம் இருக்குல்ல?"

"ஆறு ரூமுக்கும் ஆள் இருக்கு. ஆர்மோனியம் வேணா வாங்கித் தர்றேன்."

"ஆர்மோனியம் யாருக்கு வேணும்? பியானோதான்."

"முடியாது!" சூசைநாதன் தரையில் ஓங்கி அடித்தார். "ஆளாளுக்குக் கேட்டா நான் எங்க போறது? மூணரை லட்சம் என்ன மரத்துலயா காய்க்குது?"

"மங்களம் அக்காவுக்கு மட்டும் தையல் மெஷின் காய்க்குதா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு, அருள்ஜோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உம்மென்று, கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு. அசல் மரியதாஸ் மாதிரியே. பிலோமினம்மாள் தன் மகள் முகத்தை அப்படிப் பார்த்ததே இல்லை.

தட்டு போடும்போது சூசைநாதன் பிலோமினம்மாளின் பின்னால் வந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேட்காமல், "கேட்டுட்டா பிலோமி" என்றார். "கோவமாவே கேட்டுட்டா."

திங்கட்கிழமை காலை முகைதீன் பேப்பரோடு கீழே ஐந்தடி நடைபாதையில் நின்று மேலே பார்த்துக் கையை விரித்துக் காட்டினார். முதல் பரிசு பினாங்கில் யாருக்கோ போயிருந்தது. ஆறுதல் பரிசுகூட இல்லை. மரியதாஸ் சைக்கிளை நினைத்து ஒருபாட்டம் அழுதான். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அருள்ஜோதி, சூசைநாதனுக்கு நேரே வந்து நின்றாள்.

"என் பியானோவும் போச்சு" என்றாள்.

"நான் எப்போ சரின்னு சொன்னேன்?" என்று சீறினார் சூசைநாதன். "அடுத்த மாசமும் கெடையாது!"

"அடுத்த மாசமும் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.