மணியடித்த மண்சட்டி

"அதுக்குப் பேரு சமையலா? கையைக் கழட்டி வச்சுட்டு 'சின்' போடறது!" என்று ஃபுமியோ போட்ட சத்தத்தில், குடியிருப்புக் கூடத்தில் மாத விருந்துக்கு வந்திருந்த எல்லோருடைய சாப்பாட்டுக் குச்சிகளும் பாதியில் நின்றன.

அடுப்பு வேலை முடிந்ததும் 'சின்' என்று மணியடிப்பதால், ஒசாகாவில் மைக்ரோவேவ் சமையலுக்கே அந்தப் பெயர்தான்.

"எதுல செஞ்சா என்ன, ஃபுமியோ சான்? காலியானது எதுன்னு பாருங்க" என்றாள் சட்சுகி, சிரித்துக்கொண்டே. அவளுடைய சிவப்பு சிலிகான் சட்டியில் மீனும் முட்டைக்கோஸும் இருந்த சுவடே இல்லை. பக்கத்தில் ஃபுமியோ சோயாவும் சர்க்கரையும் ஊற்றிக் காலையெல்லாம் கொதிக்கவிட்ட பூசணிக்காய், வைத்தது வைத்தபடி கிடந்தது.

ஃபுமியோவுக்குப் பூசணிக்காய் பெரிதில்லை. மூன்றாம் மாடி குராமோச்சிதான் பெரிது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர். பல வருஷமாக ஞாயிறு மத்தியானம் நான்காம் மாடியில் ஃபுமியோ வீட்டில்தான் சாப்பாடு. சட்சுகி குடிவந்த பிறகு இரண்டாம் மாடியில் அவள் வீட்டுக்கு இறங்கிவிடுகிறார்.

"டாக்டர் அவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காரு. உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள் சட்சுகி.

சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாளே ஃபுமியோ, அக்கம்பக்கத்துக் கண்ணில் படாமல் ரயிலேறி உமேதாவின் பெரிய கடைக்குப் போய் அதே சட்டியை வாங்கினாள். சிவப்பு வேண்டாம், பச்சை. விற்ற சிகுசா என்ற அம்மாள், நீராவி முகத்தில் அடிக்காமல் மூடியை எந்தப் பக்கம் தூக்குவது என்பதுவரை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குராமோச்சி வந்தார். கேஸ் அடுப்பில் மண்சட்டி ஆவி பறக்கக் கொதித்தது. உள்ளே வெறும் தண்ணீர். கோழியும் காளானும் பச்சைச் சட்டியோடு பின்னால் மைக்ரோவேவில். மணியடிக்குமுன் கதவைத் திறந்துவிடுவதாகத் திட்டம். ஆனால் அவர், "டீ இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார்; அவள் உருகிப்போய் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

சின்!

குராமோச்சி மண்சட்டியைப் பார்த்தார். "ஃபுமியோ சான், உங்க மண்சட்டி மணியடிக்குதே!"

அவள் முகம் ஊறுகாய்ப் பிளம் மாதிரி சிவந்தது. வேறு வழியில்லாமல் மைக்ரோவேவிலிருந்து பச்சைச் சட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவரோ மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். "இவ்வளவு சுலபமா? அப்ப நானே செஞ்சுக்கலாமே. இந்தச் சட்டியை எங்க வாங்கினீங்க?"

சட்சுகியைக் கேட்காமல் தன்னைக் கேட்டாரே! அந்தப் பூரிப்பில் ஃபுமியோ கடை, மாடி, எந்த மூலை என்று எல்லாம் சொன்னாள். "சிகுசா சான்னு ஒருத்தங்க இருக்காங்க. ரொம்பப் பொறுமை. அவங்களையே கேளுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். யார் கேட்டார்கள் இதை?

அவர் போய்க் கேட்டார். மூடி திறப்பதில் அவருக்கு என்ன சந்தேகமோ, வாராவாரம் போய்க் கேட்டார். ஞாயிறுகளில் இரண்டாம் மாடியிலும் விருந்தாளி இல்லை, நான்காம் மாடியிலும் விருந்தாளி இல்லை.

அடுத்த வசந்தத்தில் குராமோச்சி சிகுசாவைக் கல்யாணம் செய்துகொண்டு சகாய் ஊரில் அவள் வீட்டோடு போய்விட்டார். சட்சுகி கோடைக்குள் நகோயாவில் மகளிடம் குடிபோனாள். ஃபுமியோ எங்கும் போகவில்லை.