ஊற்றினேன் என்றுதான் நினைக்கிறேன்

பதினாறாவது நாளும் அந்தப் பழைய பைக்கின் பிஸ்டன் அசையவில்லை. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்து சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். முந்தின நாள் ஊற்றிய டீசல் சொட்டுக்கூட இறங்காமல் குளம் கட்டி நின்றது. மரக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். சமையலறை ஜன்னல் வழியாக அவர் மனைவி, வண்டி இன்னும் எழுந்திருக்கவில்லையா என்று கேட்டாள். எழுப்புகிறவனுக்கே தூக்கம் வருகிறது என்றார். அது முழுப் பொய்யும் இல்லை. முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக மாடி மாடியாக ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் உடம்பு, இத்தனை நாள் தள்ளிப்போட்ட வலியையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பரப்பிக்கொண்டிருந்தது.

வண்டி அவருடையது அல்ல, மனைவியின் தம்பியுடையது. மண் பாதையில் பந்தயம் ஓட்டுவதற்கென்றே செய்த டூ ஸ்ட்ரோக் வண்டி. விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது. முன்சக்கரத்துக்கு ஒரு முழம் மேலே தூக்கி நிற்கும் மட்கார்டு, முள்ளு முள்ளாய் டயர். இருபத்தாறு வருஷம் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பெட்ரோல் டேங்க்கில் கையளவு துரு. கார்புரேட்டரைத் திறந்தபோது பழைய பெட்ரோல் கோந்தாக இறுகிப் போயிருந்தது. வாஷிங் மெஷினைக் கொட்டகைக்கு மாற்றலாம், அந்த இரும்பை எடைக்குப் போடுங்கள் என்று மனைவி சொன்னபோது, கூட இருந்த தம்பிதான், போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்து ஓட வைத்துப் பார்க்கலாமே என்றான். அவன் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏன் மறுத்ததில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மாதிரி எஞ்சினுக்கு எண்ணெய்க்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே அளந்து கலக்க வேண்டும். கலக்க மறந்தால் பிஸ்டன் சூடேறி, விரிந்து, சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் பின்சக்கரம் ஒரே நொடியில் நின்றுவிடும். மைத்துனனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. மூன்றாவது சுற்றில், மேட்டின் உச்சியில் சக்கரம் அப்படித்தான் நின்றது. அவன் ஒரு பக்கம் விழ, வண்டி அவன் மேலேயே வந்து விழுந்தது. இடுப்பும் தொடையும் நொறுங்கி, மூன்று ஆபரேஷன். வலது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிப் போனது. பெட்ரோலும் எண்ணெயும் கலக்கும் வேலை அவருடையது. மூன்று வருஷமாக ஒவ்வொரு பந்தயத்துக்கும் அவர்தான் கலந்தார். மைதானத்தில் யாரோ ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, எண்ணெய் போடாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று சொன்னான். அந்தச் சொல் அவர் போவதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆபரேஷன் அறை வாசலில் மனைவி அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க எண்ணெய் ஊத்துனீங்களா இல்லையா?"

"ஊத்துனேன்னுதான் நெனக்கிறேன்."

ஊற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை. அளவுக் குவளையும் கையும் கண்ணுக்குள் தெரிகின்றன. ஆனால் அது அன்றைய குவளையா, அதற்கு முந்தின பந்தயத்துக் குவளையா? தினம் பூட்டுகிற கதவை இன்று பூட்டினோமா என்று பாதி வழியில் நிற்பவனைப் போல, அந்தக் காலைப் பொழுதின் வாசலிலேயே அவர் இருபத்தாறு வருஷம் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு எதையும் இரண்டு முறை பார்க்கும் வழக்கம் வந்தது. கேஸ் அடுப்பை இரண்டு முறை, லிஃப்ட் கம்பியை இரண்டு முறை, சட்டைப் பொத்தானைக்கூட இரண்டு முறை. வேலையிடத்தில் அவருக்கு 'ரெண்டு தடவை' என்றே பெயர். ரெண்டு தடவை லீவா, ரெண்டு தடவை சாப்பிட்டாச்சா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். மனைவி அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. சண்டையில்கூட எடுத்ததில்லை. ஆனால் அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம், சாவி எடுத்தீங்களா, கண்ணாடி எடுத்தீங்களா என்று கேட்கும் குரலில் அது இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருஷம் மைத்துனனைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, நடக்கப் பழக்கியது அவர்தான். சாவி போடும் கடை வைத்துக் கொடுத்ததும் அவர்தான். பெரிய மனசு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் தரையைப் பார்ப்பார்.

பத்தொன்பதாவது நாள் பிஸ்டன் அரை அங்குலம் நகர்ந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரத்தில் சிலிண்டர் கையோடு வந்துவிட்டது. பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் கீறியதுபோல நீளக் கோடுகள். எஞ்சினின் அடிப்பாகத்தைச் சாக்கில் சுற்றி, இரண்டு தெரு தள்ளியிருந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனார். நடத்துவது ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடி போட்டிருப்பார். அதிகம் பேசமாட்டார், பேசினால் இரும்பைப் பற்றித்தான் பேசுவார். எதனால் பிஸ்டன் ஒட்டிப் பிடித்தது என்று அவர் கேட்டபோது இவர், எண்ணெய் ஊற்றாமல் ஓட்டிவிட்டோம் என்றார். வாய்க்குப் பழகிப்போன பதில்.

லேத்துக்காரம்மா எஞ்சினை அழுத்திப் பிரித்து, உள்ளே சுழலும் தண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் பேரிங்கைத் தடவி, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார்.

"எண்ணெய் ஊத்தலன்னு யாரு சொன்னா?"

இவர் கையிலிருந்த சாக்கை மடித்தார்.

"எண்ணெய் இல்லாம ஓடுனா இந்த பேரிங் நீலம் பாஞ்சு கருகியிருக்கும். இது பாருங்க, காஞ்சு போயும் தேன் கலர்ல ஒட்டிட்டிருக்கு. ஊத்தியிருக்கீங்க. நல்லாவே ஊத்தியிருக்கீங்க."

பிறகு எஞ்சினின் இடது பக்கத்திலிருந்து குழந்தை வளையல் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்து நீட்டினார். காற்று உள்ளே போகாமல் தடுக்கும் சீல். அதன் உதடு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய கோடு. வளையத்தைப் போடும்போதே யாரோ கிழித்துவிட்டார்கள், அந்த வழியாகக் காற்று இழுத்துத்தான் எஞ்சின் சூடேறிப் பிடித்திருக்கிறது என்றார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலையை எடுத்துக்கொண்டார். அவர் சொன்னது எண்ணெயைப் பற்றித்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். மூன்று பஸ்கள் வந்து போயின. மூன்றாவது பஸ்ஸின் நடத்துநர், ஏறுகிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்தார். பாரம் இறங்கினால் நிம்மதி வரும் என்பார்கள். அவருக்கு வந்தது அசதி. சுமந்து பழகிய தோளுக்கு இனி என்ன செய்வதென்று தெரியாத அசதி. அந்த ரப்பர் வளையத்தை மாற்றியது யார் என்பதை அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் மைத்துனன் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். இடது பக்கம் ஒரு சின்ன வேலை, நானே முடித்துவிட்டேன் மாமா என்று பெருமையாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மைத்துனன் கைத்தடியோடு வந்து கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அவர் சட்டைப் பையிலிருந்து ரப்பர் வளையத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதைத் திருப்பவில்லை. கிழிசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடவும் இல்லை.

"எப்பத்துலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தப்போ. படுத்தே கெடந்தா எல்லாம் ஞாபகம் வரும் மாமா. ஸ்க்ரூ டிரைவர் வழுக்குனது ஞாபகம் வந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

அவன் உள்ளங்கையை மூடிக்கொண்டான். வெளியே யாரோ துணியை உதறிக் காயப்போடும் சத்தம் கேட்டது.

"நீங்க தெனம் வந்தீங்க. தூக்கி உக்கார வச்சீங்க. தப்பு உங்களுதுன்னு நெனச்சுத்தான் வர்றீங்கன்னு எனக்குத் தோணுச்சு. சொல்லிட்டா வராம போயிடுவீங்களோன்னு பயம். அப்புறம் சொல்ற நாள் தாண்டிப் போச்சு. அதான் இப்பப் பிரிக்கச் சொன்னேன். வண்டியே சொல்லட்டும்னு."

சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். அது உண்மையா என்று ஒரு முறை உள்ளே பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை. கோபம் வந்தது, ஆனால் அறுபது வயதில் வந்த கோபம், நாலு மாடி ஏறி வந்தவனைப் போல வந்ததும் உட்கார்ந்துகொண்டது. அக்காவிடம் நானே சொல்கிறேன் என்று மைத்துனன் எழுந்தான். குட்டைக் காலை முதலில் வைத்து, கைத்தடியை அடுத்து வைத்து, சமையலறைப் படியை ஏறினான். அந்தப் படியை ஏற அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. குழாய் திறந்திருந்தது. பிறகு மூடியது. பிறகு தம்பி முன்வாசல் வழியாகவே போய்விட்டான். மனைவி எட்டு நாள் இருவரோடும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்துக்கடை வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். அவர் கண்ணாடியை மறந்து கிளம்பியபோது பார்த்துக்கொண்டே நின்றாள், கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை, அவர் தட்டில் இரண்டாம் முறை சோறு வைக்கும்போது சொன்னாள்.

"ஒரு தடவையாவது எங்கிட்ட சண்டை போட்டிருக்கலாமில்ல?"

"என்னன்னு போடுறது? எனக்கே தெரியாதே."

அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு, அதன் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புது பிஸ்டனும் புது சீலும் போட்டு எஞ்சினை வண்டியில் ஏற்ற இன்னும் ஒரு மாதம் பிடித்தது. டேங்க்குக்குள் நட்டுகளையும் வினிகரையும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார். கார்புரேட்டரின் மயிரிழைத் துவாரத்தை ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்தித் திறந்தார். மைத்துனன் ஞாயிறு தவறாமல் வந்தான். வராமல் இருந்துவிடுவான் என்று அவர் நினைத்திருந்தார். இருவரும் ஸ்பேனர் அளவுகளைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் வண்டியை வெளியே தள்ளி நிறுத்தினார்கள். அவர் பதினொரு முறை உதைத்தார். பன்னிரண்டாவதில் முட்டி பிடித்துக்கொள்ள, சுவரோடு சாய்ந்துவிட்டார். மைத்துனனின் கால் கிக்கருக்கு எட்டாது. கிழவனும் நொண்டியும் பந்தயத்துக்கு வந்துட்டோம் என்று அவன் சொன்னான். இருவரும் சிரித்ததும் சிரிப்பு பாதியில் நின்றதும் ஒரே நேரத்தில் நடந்தன. மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் திரும்பிய மனைவி, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளுங்க" என்றாள்.

கைப்பையைத் தரையில் வைத்தாள். எங்கே காலை வைக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. முதல் உதையில் கிக்கர் திரும்பி வந்து கணுக்காலில் அடித்தது. முகத்தைச் சுளிக்காமல் மறுபடி உதைத்தாள். மறுபடியும். கோட்டுப் பையிலிருந்த பேனா தெறித்துப் போய் விழுந்தது. போதும் அக்கா என்று தம்பி மெதுவாகச் சொன்னான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாவது உதையோ ஒன்பதாவதோ, எஞ்சின் ஒரு முறை இருமி, பிறகு தகரக் கொட்டகை அதிரும்படி பிடித்துக்கொண்டது. எதிர்மாடியில் யாரோ ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள். நீலப் புகை சைலன்சரிலிருந்து கிளம்பி, காயப்போட்ட துணிகளுக்குள் நுழைந்து, அவள் முகத்தை மறைத்தது. புது பிஸ்டன்; ஆக்ஸிலேட்டரை இப்படி முறுக்கக் கூடாது, கையை விடு என்று சொல்ல அவர் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. புகைக்குள் வெள்ளைக் கோட்டின் கை மட்டும் தெரிந்தது. அது முறுக்கியதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.