வராதவர்கள் பட்டியல்

கட்சி ஆபீஸ் மாடியில் பன்னிரண்டு போன், பன்னிரண்டு பெண்கள். அதில் படு கெட்டிக்காரி கிளி. பட்டப்பெயர் மேனேஜர் வைத்தது. தங்கள் கட்சிக்கு ஓட்டுக் கேட்பதல்ல அவர்கள் வேலை, அந்த வெட்கக்கேட்டை ஏன் கேட்கிறீர்கள்! எதிர்க்கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, வாக்குச்சாவடிப் பக்கமே தலைகாட்டாமல் செய்ய வேண்டும்.

"நம்மாளுக்குக் கோபம் வந்தா வரிசையில நிப்பான். எதிர்க்கட்சிக்காரனுக்குப் பயம் வந்தா வீட்ல கிடப்பான். ரெண்டையும் நாமதான் கிளப்பணும்" என்பார் மேனேஜர்.

அன்று கிளியின் பட்டியலில் அவள் அப்பாவின் எண் வந்தது. லேத் பட்டறைக்காரர், எதிர்க்கட்சி ஆள். கட்சிச் சண்டையில் அவள் வீட்டைவிட்டு வந்து, அப்பாவும் மகளும் பேசி இரண்டு மாதம் ஆகிறது. "தேர்தல் முடியட்டும், நானே போய் அவளைக் கூட்டிட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளைத் தள்ளினாள். மேனேஜரோ அவள் பேசுவதைக் கேட்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எண்ணை அழுத்தினாள்.

லேத் இரைச்சலில் பாதிக் காது போனவர். அவருக்கு மகளின் குரல் என்று பிடிபடவில்லை.

"சாவடிக்கு வராதீங்க சார். எங்க பசங்க சூடா இருக்காங்க. கைகால் போச்சுன்னா நாங்க பொறுப்பில்லை."

அப்பா சிரித்தார். "அட போம்மா! என் பொண்ணே உங்க கட்சியிலதான் இருக்கா. அவ இருக்கறப்ப எவன் என்மேல கை வைப்பான்?"

மேனேஜர் அவளையே பார்த்தார். பாவி, அவள் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"லிஸ்ட்ல உங்க பேரை எழுதிக் கொடுத்ததே உங்க பொண்ணுதான் சார்."

பச்சைப் பொய். அந்தப் பக்கம் லேத் நின்றது. பிறகு போனும் துண்டானது. 'வரமாட்டார்' என்று குறித்துக்கொண்டாள்.

மேனேஜர் கைதட்டினார். "இதையே எல்லாரும் சொல்லுங்க! பிள்ளைங்க நம்ம பக்கம் இருக்கற வீடாப் பார்த்து அடிங்க!" சாயங்காலத்துக்குள் அறுபது வீடு முடிந்தது.

வாக்குப்பதிவன்று மதியம் அவள் செல்போன் அடித்தது. அப்பா!

"நான் ஓட்டுப் போடப் போகலம்மா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயேதான் இருக்கேன். உன் ஆளுங்ககிட்ட சொல்லி லிஸ்ட்ல இருந்து என் பேரை அடிச்சிடச் சொல்லு. உங்கம்மா தனியாக் கடைக்குப் போறா, வர்றா... கொஞ்சம் பெரிய மனசு பண்ணும்மா."

 அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, பேசியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். எதிரே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

"சரிப்பா, சொல்லிடறேன்" என்றாள்.