றோய் எழுதிய பதில்

"சித்தி, சித்தப்பான்ரை விரலை ஒருக்கா வைச்சுப் பாக்கட்டே?"

பத்மாசினி தலையை ஆட்டினாள். கணவனின் அண்ணன் மகன் அருட்செல்வன் சவப்பெட்டிக்குள் குனிந்து, தியாகலிங்கத்தின் சுட்டுவிரலை நிமிர்த்தி அவருடைய கைபேசியில் அழுத்தினான். திறக்கவில்லை. விரலை வேட்டி ஓரத்தில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"விடு தம்பி. 'ட' எழுதுற மாதிரி ஒரு கோடு இழுக்கிறவர். அப்பிடிச் செய்து பார்" என்றாள்.

திறந்தது.

குழுவுக்குச் செய்தி சொல்லத்தான் இவ்வளவும். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற தியாகலிங்கத்துக்கு அதன்பிறகு இருந்தவை வாழைத்தோட்டமும் இந்த வாட்ஸ்அப் குழுவும்தான். நீர்வேலிக்காரரும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுமாகக் கனடா, நோர்வே, அவுஸ்திரேலியா என்று சிதறிக் கிடந்தவர்களுக்குத் தினமும் காலையில் ஒரு பொது அறிவுக் கேள்வி போடுவார். பின்னேரம் விடை சொல்வார். இணையத்தில் பார்த்து எழுதக்கூடாது. பிடிபட்டால் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலில் சரியாகச் சொன்னவருக்கு ஒரு வாழைப்பழப் படம் கிடைக்கும். அந்தப் படத்துக்காகப் பேரப்பிள்ளை கண்டவர்கள்கூடச் சண்டை பிடித்தார்கள்.

நேற்றும் கேள்வியைப் போட்டுவிட்டுத்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனார். வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அருட்செல்வன் செய்தியை எழுதி அனுப்பினான். அவன் கைக்குள் கைபேசி விடாமல் அதிரத் தொடங்கியது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் நிமிர்ந்தான்.

"றோயைக் காணேல்லை, அவருக்கு ஆரும் சொன்னியளோ எண்டு கேக்கினம். ஆர் சித்தி றோய்?"

"தெரியேல்லை" என்றாள் பத்மாசினி.

றோய் அவளுடைய ஒரே மகன் கஜானன். பிரான்சுக்குப் போனவன், இங்கே பேசி முடித்த பெண் காத்திருக்க, அங்கே ஒருத்தியைக் கலியாணம் செய்துவிட்டுப் பிறகுதான் சொன்னான். இனி இந்த வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டாம் என்றார் தியாகலிங்கம். அவர் தோட்டத்தில் நிற்கும் நேரம் பார்த்து அவன் தாயோடு மட்டும் கதைத்தான். அப்பா இப்போது என்ன செய்கிறார் என்று ஒருநாள் கேட்டபோது, குழுவின் இணைப்பை அனுப்பியவள் அவள்தான். பெயரை மாற்றிக்கொள், வேறு இலக்கத்தில் வா, படம் போடாதே என்று சொல்லியும் வைத்தாள்.

அன்றிலிருந்து அடுப்பில் பாலை வைத்தவளைப்போல அந்த ரகசியத்தைக் காவல் காத்தாள். சாப்பிடும்போது தியாகலிங்கம் சொல்வார்: "இந்த றோய் எண்ட பெடியன் பரவாயில்லை. சரித்திரம் நல்லா வருது. பூமிசாஸ்திரம்தான் சுத்தமா இல்லை." அவள் சொதியை ஊற்றுவாள். முகத்தைத் தூக்கமாட்டாள்.

இப்போது கஜானன் பெட்டியின் தலைமாட்டில் இன்னொரு கைபேசியின் திரைக்குள் இருந்தான். அகதி வழக்கு முடியவில்லை, வர முடியாது. கொள்ளி வைக்கப்போவது அருட்செல்வன்.

மத்தியானத்துக்கு முன் ஒரு பெண் தனியாக வந்தாள். அவளை யாருக்கும் தெரியவில்லை. பெட்டியருகில் சிலுவை போட உயர்ந்த கை பாதியில் நின்று, பிறகு கும்பிட்டது. விசாரித்துக்கொண்டு வந்து பத்மாசினியின் பக்கத்தில் இருந்தாள்.

"நான் ஜெனிற்றா, அன்ரி. குருநகர். குழுவிலை புள்ளி போடுறது நான்தான். அங்கிளை இண்டைக்குத்தான் நேரிலை பாக்கிறன்."

பத்மாசினி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரோடையும் பகிடிதான். ஆனா கேள்வியிலை பகிடி விடமாட்டார். ஒருநாள் மட்டும் ஒரு விசர்க் கேள்வி போட்டவர்."

"என்ன கேள்வி, பிள்ளை?"

"பள்ளிக்கூடம் போகேக்கை சைக்கிள் செயின் கழண்டா எந்தக் கையாலை பூட்டுறது எண்டு. உது என்ன பொது அறிவோ எண்டு எல்லாரும் சிரிச்சவை. றோய் எண்டு ஒராள் மட்டும் பதில் போட்டவர். இடக்கையாலை, வலக்கையிலை கிறீஸ் பட்டா கொப்பி ஊத்தையாகும் எண்டு. அங்கிள் உடனை வாழைப்பழம் குடுத்தவர். ஏனெண்டு கேட்டதுக்கு விளக்கம் சொல்லேல்லை."

வாசல் படலையடியில் குந்தியிருந்து, சின்ன வயதுக் கஜானனின் இடக்கையைப் பிடித்துச் சங்கிலியில் வைத்த தியாகலிங்கத்தைப் பத்மாசினி கண்டாள். "உந்தக் கையில்லையடா, மற்றக் கை."

"இது எப்ப?"

"போன வருசத்துக்கு முதல் வருசம், அன்ரி."

அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் அவர் றோயின் பூமிசாஸ்திரத்தைப் பற்றி அவளிடம் குறை சொல்லியிருக்கிறார்.

அவள் எழுந்துபோய் மகன் இருந்த கைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும் எண்டு உனக்குத் தெரியுமே?"

கஜானனின் முகம் அசையவில்லை. "ஓம் அம்மா."

"சைக்கிள் கேள்வியோடையே?"

"ஓம்."

"அப்ப ரெண்டு பேரிலை ஒராள் ஒரு போன் எடுத்திருக்கலாமே."

அவனுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ மூடினார்கள்.

"எடுத்து என்னத்தைக் கதைக்கிறது? கேள்வி கேட்டாப் பதில் சொல்லலாம்."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் சந்தோசமா ஒளிச்சுக்கொண்டு இருந்தனீங்கள், அம்மா."

வெளியே பறை உரத்தது. பெட்டியை மூடப்போகிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் கைபேசியை அவன் பார்க்கும்படி முன்னால் பிடித்துக்கொண்டு போனாள். பெட்டி படலையைத் தாண்டியபோது பெண்கள் நின்றுவிட்டார்கள். திரையில் கஜானன் எழுந்து நின்றான். அவனுடைய சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. கடைசி ஆள் ஒழுங்கை மூலையில் திரும்பும்வரை அவள் கையை இறக்கவில்லை.

வீடு கழுவியானது. ஜெனிற்றா பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

"நாளைக்குக் கேள்வி போடுறதோ, விடுறதோ எண்டு கேக்கினம், அன்ரி. நான் என்ன சொல்ல?"

"றோயிட்டைக் கேள்."

"அவருக்கு அங்கிளோடை பழக்கமே?"

"ஓம்" என்றாள் பத்மாசினி.

வெயில் தணிந்தபோது கதிரை வாடகைக்குக் கொடுத்தவர் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தோடு வந்தார். பிளாஸ்ரிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றினார். முற்றத்தில் பத்மாசினி இருந்த கதிரை மட்டும் மிஞ்சியது. கதிரைக்காரர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு போய் இயந்திரத்தை இயக்கினார். அந்த ஒரு கதிரையை விட்டுவிட்டு லாண்ட்மாஸ்ரர் ஒழுங்கையால் மெதுவாகப் போனது.