டிரம்மில் கலந்த வெள்ளி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. செம்பூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். கடிதம் அடிப்பேன், கோப்பு நகர்த்துவேன். மாட்டுங்காவில் என் வீட்டிலேயே என்னை எழுத்தாளன் என்று யாரும் நம்புவதில்லை. நம்புகிற ஒரே ஆள் ஷைனி. தாராவிப் பெண், இங்கே மீன் முட்டைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் ஒரு மத்தியானம், "சார், கதை எழுதுவியள்லா? இங்க வந்து பாருங்க" என்று மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள்.

அன்று பார்த்ததைப் பதினோரு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

2

பதினோராவது தொடக்கம்: "நள்ளிரவு வானில் நீந்தும் ஒரு சின்னஞ்சிறு..."

(அடித்துவிட்டேன். மணி அப்போது மத்தியானம் இரண்டு. நான் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.)

நேராகவே சொல்கிறேன். கறுப்புப் பின்னணியில், கடுகைவிடச் சிறிய, கண்ணாடி போன்ற ஒரு முட்டை. உள்ளே சுருண்டு கிடந்தது மீன்குஞ்சு. அதன் இதயம் துடிப்பது தெரிந்தது, ரத்தம் ஓடுவதும் தெரிந்தது. குஞ்சைச் சுற்றியும் அதன் உடம்புக்குள்ளும் நீலம், பச்சை, சிவப்பு என்று புள்ளிகள் மினுங்கின.

"பகவானே! என்னம்மா இது?"

"வெள்ளி சார். நானோ துகள். சைசுக்குத் தக்கன கலர் மாறும்."

"வெள்ளின்னா வெள்ளையான்னா இருக்கணும்?"

"பெருசா இருந்தாத்தான் சார் அது வெள்ளை."

ஒரு தலைமுடியின் அகலத்தில் இப்படி நாலாயிரம் துகள்களை வரிசையாக உட்காரவைக்கலாமாம். முட்டையின் மேலுறையில் உள்ள துவாரங்கள் வழியாக, யாரையும் கேட்காமல் உள்ளே போய்விடுகின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐம்பத்தெட்டு வருஷம் உலகத்தைப் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை.

(அடிக்குறிப்பாகப் போடவேண்டியது, மேலேயே இருக்கட்டும்: சில குஞ்சுகளுக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. சில ஜோராக நீந்தின. எல்லாம் ஒரே தண்ணீரில் கிடந்தவைதான். ஏன் என்று கேட்டேன். "அதுக்குத்தான சார் நாலு வருசமா உக்காந்திருக்கேன்" என்றாள்.)

3

இனி ஷைனியின் அம்மா ஏஞ்சலம்மாள். நாற்றம் பிடிக்காத சாக்ஸ் செய்யும் தாராவிப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறாள். சாக்ஸை முக்கியெடுக்கும் திரவத்தில் இருப்பது இதே வெள்ளிதான். பட்டறைக்காரர் காலித், "சாந்தி ஹை, மௌசி. கீடா சப் கதம்" என்றிருக்கிறார். வெள்ளியாச்சே சித்தி, கிருமியெல்லாம் காலி என்று அர்த்தம்.

போன வருஷம் மருமகள் ஜெனிக்கு மஞ்சள்காமாலை வந்து, முதல் கரு கலைந்தது. தண்ணீரால் வந்த வினை என்றார் டாக்டர். ஜெனி மறுபடி உண்டானதும், ஏஞ்சலம்மாள் அந்தத் திரவத்தைச் சின்ன பாட்டிலில் கொண்டுவந்து, குடிதண்ணீர் டிரம்மில் தினம் ஒரு மூடி விட ஆரம்பித்தாள். நாலு மாதம் விட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதல் வரைவில் அவளை ஒன்றும் தெரியாத அப்பாவியாக எழுதியிருந்தேன். ஷைனி தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதால், திங்களன்று நானே வாசித்துக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கம்மா ஒண்ணும் கூறுகெட்டவ இல்ல சார். ஒங்க வீட்ல பிள்ளைக்குப் பால் எதுல குடுத்திய?"

வெள்ளிச் சங்கில். வெள்ளி உடம்புக்கு நல்லது என்று என் பெண் சாதனாவுக்கு ஊட்டியவன் நான். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

4

(கதையை நிறுத்தி இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

பட்டறை வெள்ளி சாக்கடைக்குப் போகிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அந்த நாற்றத்தில் கந்தகம் இருக்கிறது. அது துகளைப் பிடித்து, பூஜைப் பாத்திரம் கறுக்கிற மாதிரி கறுக்கவைத்து, அதன் விஷத்தைப் பெருமளவு அடக்கிவிடுகிறதாம். சாக்கடை போய்ச் சேரும் மித்தி ஆற்றின் சேற்றுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் நல்ல தண்ணீரில் அப்படிப் பிடித்துவைக்க ஆளில்லை. அங்கே வெள்ளி நெடுநாள் வெள்ளியாகவே திரிகிறது.

5

போன வாரம் ஷைனி அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிவைத்தாள்; சனிக்கிழமை அம்மாவை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். ஏஞ்சலம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.

"ஏசுவே! எம்புட்டு அழகா இருக்கு. ஏட்டி, இது நெஞ்சா துடிக்கு?"

"ஆமாம்மா."

"சுத்தி மின்னுதது?"

"நீ டிரம்முல விட்டியே, அதுதான்."

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"உள்ளயும் இருக்கே ஏட்டி."

"மனுசங்களுக்கு எப்படின்னு யாருக்கும் உறுதியாத் தெரியாதும்மா. ஜெனி மைனிக்கு ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். ஆனா டாக்டருக்குத் தெரியணும். வியாழக்கிழம செக்கப். அதுக்குள்ள நீயே மைனிட்ட சொல்லிரு."

6

முடிவுகள்.

(அ) ஏஞ்சலம்மாள் சொல்கிறாள். ஜெனி கட்டிக்கொண்டு அழுகிறாள். (சீரியல்.)

(ஆ) சொல்லவில்லை, குழந்தை கொழுகொழுவென்று பிறக்கிறது. (எழுதிய கையோடு வெட்கப்பட்டேன். நாலு வருஷம் உட்கார்ந்தவளே தெரியாது என்கிறாள், எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?)

(இ) "அந்தக் குழந்தைக்கு"

இதற்குமேல் கை ஓடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

இன்று புதன். சற்றுமுன் ஷைனி போன் செய்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அம்மா இன்னும் சொல்லல சார். டிரம்மக் கவுக்கப் போனா, பாதியில நிறுத்திட்டா. 'இதக் கொட்டுனா எங்கட்டி போகும், அங்கயும் குஞ்சு இருக்குமே'ன்னு கேக்கா."

அதற்குள் போனில் இன்னொரு குரல் கேட்டது. ஜெனி.

"அத்தே, தண்ணி நல்லாத்தான இருக்கு? எதுக்குக் கொட்டுதிய?"

பதில் சொல்லவேண்டியவள் ஏஞ்சலம்மாள்தான். போன் இன்னும் என் காதில் இருக்கிறது. இடது கையால்தான் இதை எழுதுகிறேன். ஏஞ்சலம்மாளின் வாயில் ஒரு சொல்லை வைக்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள் வையுங்கள். சீக்கிரம். ஜெனி ஐந்து மாதக்காரி, அவளை ரொம்ப நேரம் நிற்கவைக்காதீர்கள்.