சாரமில்லை என்ற பொத்தான்

ஐம்பத்தாறு வயதில் சர்க்கார் எனக்குச் சொன்னதையே எங்கள் லேப்டாப்புக்கும் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். உனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் உன்னைக் கவனிக்க மாட்டோம். எனக்காவது பொன்னாடை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். லேப்டாப்புக்கு அதுவும் இல்லை. திரையில் ஒரு அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான். பழைய விண்டோஸுக்கு இந்த அக்டோபரோடு ஆதரவு முடிகிறது, புதியதை ஏற்ற இந்தக் கணினிக்குத் தகுதியில்லை.

தகுதியில்லை என்பதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பெருக்கல் வாய்ப்பாடே வராத பிள்ளையைக்கூட அந்த வார்த்தை சொல்லி வெளியே அனுப்பியதில்லை.

அது என் கணவர் நாகேஸ்வரனின் லேப்டாப். அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ரிட்டயர் ஆன பிறகு, கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்து அதில் கொட்டிவைத்தார். மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம். பழவங்காடி பிள்ளையார் முன்னால் சிதறும் தேங்காய் மட்டும் நாற்பது படம். ஒன்றில்கூடத் தேங்காய் இருக்காது. தேங்காய் விழுந்த இடமும் யாரோ ஒருவருடைய முழங்கையும் இருக்கும்.

"அம்மா, அதோட ஆயுசு கழிஞ்சு போச்சு. படத்தையெல்லாம் காப்பி பண்ணிண்டு அதைத் தூக்கிப் போடு. நான் புதுசு ஒண்ணு அனுப்பறேன்," என்றான் என் மகன் சுமந்த். பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான்.

"அது நன்னாத்தானேடா ஓடறது?"

"ஓடும். ஆனா இனிமே சேஃப் இல்லை, கேட்டியா."

"நானும்தான் சேஃப் இல்லை. என்னையும் தூக்கிப் போடுவியோ?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

விண்டோஸை விட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறுகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வைரஸ் தொல்லை குறைவு, பழைய மெஷினிலும் வேகமாக ஓடும், யாரும் நம்மை வேவு பார்ப்பதில்லை என்பார்கள். என் காரணம் வீம்பு. அது எனக்குப் புதிதும் இல்லை. இந்த மலையாள தேசத்தில் சர்க்கார் பள்ளிக்கூடத்து லேபில் லினக்ஸ்தான். வருஷக்கணக்கில் அதில் வட்டமும் முக்கோணமும் வரைந்து காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அவருடைய விண்டோஸைத் திட்டியிருக்கிறேன். ஆகவே படங்களைப் பத்திரமாக வேறொரு டிஸ்கில் எடுத்துவைத்துவிட்டு, ஒரு பென்டிரைவைச் செருகி, ஒரே முற்பகலில் மாற்றிவிட்டேன். தகுதியில்லாத அந்த மெஷின் முன்னைவிட வேகமாக எழுந்து நின்றது. எனக்கு ஏக சந்தோஷம். அதைச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேச ஆள் இல்லை. கரமனையில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பக்கத்து வீட்டு அம்மிணி நல்லவள், ஆனால் காலை பஸ்ஸில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். சில நாட்களில் சாயங்காலம் இருமும்போதுதான், காலையில் பால்காரரிடம் பேசியதற்குப் பிறகு வாயையே திறக்கவில்லை என்பது தெரியும்.

படங்களை அடுக்கிவைக்க ஒரு சின்ன மென்பொருள் கிடைத்தது. யார் யாரோ சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதியது. அதில் மொழி தமிழ் என்று தேர்ந்தெடுத்தேன். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தாலும் தமிழ் மீடியத்தில் படித்தவள், அந்தக் கர்வம் எனக்கு உண்டு. தேங்காய்ப் படங்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றியபோது ஒரு செய்திப் பெட்டி வந்தது. 'சில படங்கள் கிடைக்கவில்லை.' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'மீண்டும் முயல்க'. மற்றதில் 'ஒருபோதும் மனம் வேண்டாம்'.

நெவர் மைண்ட் என்பதை யாரோ ஒரு புண்ணியவான் இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கியிருக்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்து, "இதைப் பாருங்கோ" என்று திரும்பினேன். அவருடைய நாற்காலியில் இஸ்திரிக்குப் போட வேண்டிய துணி இருந்தது.

விண்டோஸாக இருந்தால் சிரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். இங்கே ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தது: மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் நீங்களே திருத்தலாம். முப்பது வருஷம் சிவப்புப் பேனா பிடித்தவளுக்கு இதற்குமேல் என்ன அழைப்பு வேண்டும்? அந்த வலைத்தளத்தில் 'விஜயலக்ஷ்மி, கரமனை' என்று பதிந்துகொண்டு உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வரி திருத்தினேன். சாப்பாடு நேரத்துக்கு இறங்கியது, தூக்கம் வந்தது. நான் திருத்தியதை எவனோ ஒருவன் திருநெல்வேலியில் சரிபார்த்து, பச்சை டிக் போட்டான். அவன் பெயர் அழகியநம்பி. எனக்கு டிக் போட ஒருத்தன் இருக்கிறான் என்பதே நன்றாக இருந்தது.

ஒரு வரியில் மட்டும் டிக் விழவில்லை. 'ஒருபோதும் மனம் வேண்டாம்' என்பதை அடித்துவிட்டு நான் 'சாரமில்லை' என்று எழுதியிருந்தேன். கீழே அவன் குறிப்பு: "அம்மா, இது பிழை. சாரமில்லை என்றால் சத்தில்லாதது என்று பொருள். 'பரவாயில்லை' சரியாக இருக்கும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பிறந்ததிலிருந்து கேட்கிற தமிழை ஒருத்தன் பிழை என்பதா? காப்பி கொட்டினால், பஸ் போய்விட்டால், விருந்தாளி சொல்லாமல் வந்தால், எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. அவன் முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு பதில் எழுதிவிட்டு, ஆதாரம் காட்ட அகராதியை எடுத்தேன். சாரம் என்றால் சாறு, சத்து, உட்பொருள். கட்டடம் கட்டுகிறவர்கள் ஏறி நிற்கும் சாரம்கூட இருந்தது. நான் எழுதிய சாரமில்லை எங்குமே இல்லை. மலையாள அகராதியில் பார்த்தேன். அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

அறுபத்து மூன்று வருஷமாக அதைத் தமிழ் என்று நினைத்திருக்கிறேன். தமிழ் மீடியம் கர்வம் வேறு.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. நான் அதைச் சொல்கிறவளே இல்லை. சொன்னவர் அவர். பால் பொங்கி வழிந்தால் சாரமில்லை. கரண்ட் பில் கட்ட மறந்தால் சாரமில்லை. சுமந்த் இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை என்றால், சாரமில்லை விஜி. நான் ஒவ்வொரு தடவையும் "உங்களுக்கு எதுதான் சாரம்?" என்று எரிந்து விழுவேன். முப்பத்தாறு வருஷம் இந்தக் கேள்வியும் பதிலும் எங்கள் வீட்டில் நடந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியிலும் நடந்தது. டாக்டர் சொல்லிவிட்டு வெளியே போனதும் நான் சுவரைப் பார்த்து நின்றேன். கட்டிலிலிருந்து கையை நீட்டி என் புடவைத் தலைப்பைப் பிடித்து, "சாரமில்லை விஜி," என்றார். அன்றைக்கும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அவர் போன பிறகு அந்த வார்த்தையை என்னிடம் சொல்ல யாரும் இல்லை. தேங்காய் காணவில்லை என்று மெஷின் சொன்னபோது, என்னை அறியாமல் என் கை அவருடைய பதிலை எழுதியிருக்கிறது. அந்தப் பொத்தானில் அது இருந்தால் போதும் என்று பட்டது. அதற்குமேல் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

கோபத்தில் எழுதியதை அழித்துவிட்டு அழகியநம்பிக்கு உள்ளதை எழுதினேன். இது என் கணவரின் சொல், முடிந்தால் இருக்க விடு என்றேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு என் நம்பர் கேட்டு வாங்கி, அவனே கூப்பிட்டான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், குரல் கொஞ்சம் பயந்த குரல்.

"அம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க எழுதுனதை நாலு தடவை படிச்சேன். ஆனா இதை விட முடியாதும்மா."

"ஏன்? ஒரே ஒரு பொத்தானாக்கும் அது."

"யாழ்ப்பாணத்துல ஒருத்தர், மதுரையில ஒருத்தர், படம் காணலையேன்னு பதறிட்டு நிக்காவன்னு வைங்க. அந்நேரம் சாரமில்லைன்னு வந்தா, ஒன் படத்துல ஒரு சத்தும் இல்லைன்னு ஏசுத மாதிரில்லா இருக்கும்?"

 வகுப்பில் ஒரு குழந்தை இப்படி எழுதியிருந்தால் நானே சுழித்திருப்பேன். அதுதான் இன்னும் வலித்தது.

"நீ சொல்றது சரியாக்கும்," என்றேன். "பரவாயில்லைன்னே வை. நானே மாத்திடறேன்."

"ஒண்ணு சொல்லுதேன்மா. இது ஓப்பன் சோர்ஸு. எல்லாருக்கும் போறதுலதான் நாங்க சொல்லுதது. உங்க மெஷின்ல உள்ளது உங்களுது. அதுல நீங்க என்ன எழுதினாலும் ஏன்னு கேக்க ஒருத்தருக்கும் பாத்தியதை கிடையாது."

தமிழ் வரிகள் முழுதும் ஒரே கோப்பில் இருக்கின்றன என்றான். அதில் அந்த வரியை மாற்றி, ஒரு கட்டளை கொடுத்து, பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். மெதுவாக, இரண்டு தடவை சொன்னான். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"ஆனா ஒரு சங்கடம்மா. புது அப்டேட் வரும்போதெல்லாம் அழிஞ்சிரும். திரும்ப நீங்கதான் எழுதணும்."

"எழுதிக்கறேன்," என்றேன். "எனக்கு வேற என்ன ஜோலி?"

அவன் சரிம்மா என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. டிக் மட்டும் போடுகிறான்.

முதலில் வலைத்தளத்தில் என் கையாலேயே 'பரவாயில்லை' என்று எழுதினேன். உலகத்துத் தமிழர்களுக்கெல்லாம் அதுதான் போகும், போகட்டும். பிறகு என் லேப்டாப்பில் மாற்றினேன். அப்டேட் வந்து மூன்று தடவை அழிந்துவிட்டது. மூன்று தடவையும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்ப எழுதினேன். அவர் இருந்தபோது அந்த வார்த்தைக்காக இத்தனை மெனக்கெட்டதில்லை, சும்மாவே வந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு நாலாவது தடவை எழுதி முடித்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது தொலைய வேண்டும். தேங்காய்ப் படங்களை எடுத்து வேறு ஃபோல்டரில் ஒளித்துவைத்துவிட்டு, மென்பொருளைத் திறந்தேன்.

'சில படங்கள் கிடைக்கவில்லை.'

கீழே 'மீண்டும் முயல்க'. அதன் பக்கத்தில் 'சாரமில்லை'.

"உங்களுக்கு எதுதான் சாரம்?" என்று கேட்டேன். காலையிலிருந்து வாய் திறக்காததால் குரல் கரகரத்தது.

அந்தப் பொத்தானை அமுக்கினால் பெட்டி மறைந்துவிடும். சாயங்காலம் விளக்கேற்றும் வரை நான் அதை அமுக்கவில்லை.